கலகமா, போரா?

பழனிமலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்திற்கும் பழனிக்கும் இடையே அமைந்த சிற்றூர் விருப்பாட்சி. மலைவாழைப்பழத்தால் அவ்வூரை அறிந்தோர் பலர். கோடைக்கானலுக்குக் குளிர்தேடிச் செல்லும் நம்மவருள் அவ்வூர்ப் பாளையக்காரர் கோபால நாயக்கரை அறிந்தோர் சிலரே. அச்சிலரும் அவரைக் 'கலகக்காரர்' என்றே படித்திருப்பர். அச்சொல் எவ்வழியே வந்தது என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி.

கும்பினியார் அவரையும் அவர்தம் தோழர்களையும் 'ரெபெல்' என்றனர். அவர்கள் செய்ததை 'ரெபெல்லியன்' என்றனர். இச்சொல் இலத்தீனில் பிறந்தது. அம்மொழியில் 'பெல்லும்' என்பது போர். 'ரெ' என்பது மீண்டும் என்னும் பொருளது. உரோமரிடம் தோற்றுப் பணிந்தோர் மீண்டும் ஆயுதம் எடுத்தால் அவர்களுக்கு 'ரெபெல்லிஸ்' என்று பெயர். ஆகவே இச்சொல்லின் வயிற்றுக்குள் போர் இருக்கின்றது. கூடவே, 'நீ முன்னரே தோற்றவன். நான் உன் எசமானன்' என்னும் தீர்ப்பும் இருக்கின்றது. சாட்சியை விசாரிக்குமுன் தீர்ப்பை எழுதிவிடும் சொல் அன்றோ இது!

விருப்பாட்சிக்கு இத்தீர்ப்பு பொருந்துமா? திண்டுக்கல் சீமை, 1755இல் ஹைதர் அலி பவுஜ்தாராக அமர்ந்த சீமை. 1772இல் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலு நாச்சியார் புகலிடம் தேடி வந்தது விருப்பாட்சிப் பகுதிக்கே. ஆதரவளித்தவர் கோபால நாயக்கர். படையுதவி புரிந்தவர் ஹைதர். அச்சீமை கும்பினியின் கைக்குச் சென்றது 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால். போரில் தோற்றவர் திப்பு சுல்தான். நிலத்தை இழந்து ஒப்பமிட்டவரும் அவரே. மலையடிவாரத்துப் பாளையக்காரரை எவரும் ஒரு சொல் கேட்டதில்லை. தாம் கேட்கப்படாத ஓர் உடன்படிக்கைக்கு அவர் எங்ஙனம் கட்டுப்பட்டவராவார்?

எட்டு ஆண்டுகள் சென்றன. 1800இல் விருப்பாட்சி, பாளையக்காரர் கூட்டணி ஒன்றின் நடுவிடமாயிற்று. சிவகங்கையின் மருது சகோதரர்களோடும், கன்னட நாட்டில் குதிரைப்படையுடன் போரிட்டுக்கொண்டிருந்த துந்தாஜி வாக்கோடும் தொடர்பு ஏற்பட்டது. கோவைக் கோட்டையைத் தாக்க அவ்வாண்டு ஜூன் 3 குறிக்கப்பட்டது. அவை முஹர்ரம் நாட்கள். முயற்சி கைகூடவில்லை. 1801இல் கோபால நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். தூதனுப்பி, துணை சேர்த்து, நாள் குறித்துக் கோட்டையைத் தாக்கினால் அதற்குத் தமிழில் போர் என்றே பெயர்.

நம் மொழிபெயர்ப்பாளர்களோ 'கலகம்' என்றனர். வடமொழியின் 'கலஹ' என்பதிலிருந்து வந்த இச்சொல் சண்டை சச்சரவைக் குறிப்பது. மாமியும் மருமகளும் அடுக்களையில் இடுவதும் கலகம். நாரதர் மூட்டுவதும் கலகம். நம் இல்லங்களில் 'பித்னா' என்போமே, ஏறத்தாழ அதுதான். (பித்னா பாவம்; பொன்னை நெருப்பிலிட்டுச் சோதிப்பதைக் குறித்த அரபுச் சொல், நம் வீட்டுத் திண்ணையில் கோள்மூட்டலாகச் சுருங்கிவிட்டது.) ஆங்கிலேயன் இழிவுபடுத்த விரும்பிய சொல்லில்கூடப் போர் மறைந்து நின்றது. நாம் மொழிபெயர்த்தபோது அதையும் களைந்துவிட்டோம். 'கிளர்ச்சி' என்றிருந்தால் எழுச்சி என்ற பொருளேனும் எஞ்சியிருக்கும்.

பேராசிரியர் கே. ராஜய்யன் 1971இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலே இந்நிகழ்ச்சிகளைத் தொகுத்து உலகறியச் செய்தது. அந்நூலின் தலைப்பு அவற்றைத் 'தென்னிந்திய ரெபெல்லியன்' என்கிறது. துணைத்தலைப்போ 'முதல் விடுதலைப் போர்' என்கிறது. ஒரே அட்டையில் கும்பினியின் சொல்லும் நம் சொல்லும் அருகருகே நிற்கின்றன. பேராசிரியரின் உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும் பெரிய எழுத்தில் இருக்கவேண்டியது எது என்பதில் அவரோடு நமக்கு வழக்குண்டு.

1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும் நெடுங்காலம் 'வேலூர்க் கலகம்' என்றே வழங்கிற்று. 1921இல் மலபாரில் நடந்தவை குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கேரள அரசு 1971இலேயே அதில் ஈடுபட்டோரை விடுதலைப் போராட்ட வீரராக ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரும் 'மாப்பிள்ளைக் கலகம்' என்று எழுதியோருள் நம்மவரும் உளர்.