உணவு முத்திரையும் மதிப்பீட்டின் அளவுகோலும்

சனநாயக அரசொன்றில் நலத்திட்ட மதிப்பீடு என்பது ஆட்சியாளர் மக்களுக்குக் காட்டக் கடமைப்பட்ட கணக்காகும். அக்கணக்கு யாருடைய அளவுகோலால் எழுதப்படுகிறது என்பதை நம் ஆய்வாளர்கள் போதியளவு வினவியதாகத் தெரியவில்லை. இலங்கையின் உணவு முத்திரைத் திட்டம் இதற்குத் தக்க சான்று.

1942 தொட்டு நிலவிய பங்கீட்டரிசி முறை 1978இல் வருமானங் குறைந்த குடும்பங்களுக்கென வரையறுக்கப்பட்டது. 1979 செப்டெம்பரில் அதனிடத்தில் முத்திரை வந்தது. திறைசேரியின் நோக்கில் இது வெற்றியே. மானியச் செலவு வெகுவாகச் சுருங்கியது. சனத்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் பயனாளிகள் எனவும் காட்ட முடிந்தது.

ஆனால் முத்திரையின் பெறுமதி ரூபாவில் நிலைப்படுத்தப்பட்டிருந்தது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு 15 ரூபா. விலைகளோ ஏறிக்கொண்டேயிருந்தன. சில ஆண்டுகளிலேயே அதன் உண்மைப் பெறுமதி ஏறத்தாழப் பாதியாயிற்று. மத்திய வங்கியின் 1978/79, 1981/82ஆம் ஆண்டுகளுக்குரிய நுகர்வோர் நிதி அளவீடுகளை ஒப்புநோக்கியபோது, மிக வறியோரின் கலோரி நுகர்வு வீழ்ந்திருந்தமை புலனாயிற்று. இதனை ஆராய்ந்த நெவில் எதிரிசிங்கவின் விரிவான அறிக்கை வெளிவந்தது 1987இல். திட்டம் தொடங்கியபோது தொட்டிலிற் கிடந்த குழந்தை அப்போது பாடசாலை சென்றுகொண்டிருந்தது.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது தோட்டத் தொழிலாளர் நிலை. குடும்பத்தவர் தாமே கூறும் வருமானத்திலேயே தகுதி தங்கியிருந்தது. கிராமத்து விவசாயியின் வருமானம் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. தோட்டத் தொழிலாளியின் கூலியோ செக்ரோலில் நாள்தோறும் பதியப்படுவது; அதில் ஒரு சதத்தையேனும் குறைத்துக்கூற அவரால் இயலாது. ஆதலால் தோட்டக் குடும்பங்களில் மிகச் சிலவே முத்திரை பெற்றன. (குறைத்துக் கூறிய கிராமத்தவரைக் குற்றஞ்சாட்டுவதற்கில்லை, முந்நூறு ரூபா எல்லைக்கோடே அதற்குத் தூண்டியது.) 'பாதிப்பேர்' என்னும் மொத்தத் தொகையைக் கொண்டு திட்டத்தைப் புகழ்ந்தோர்க்கு இவ்விலக்கல் தென்படவில்லை. குடியுரிமையற்றோர் பலர் இன்னும் தோட்டங்களில் இருந்தமையால், இம்மக்களின் வாக்குப்பலமும் அவர்தம் தொகைக்கேற்ப அமைந்திருக்கவில்லை. வாக்கும் இல்லாது மதிப்பீட்டிலும் இடம்பெறாதாரின் பசி அரசுக்கு எவ்வழியாகத் தெரியவரும்?

2023இல் அஸ்வெசும பயனாளிகளின் பெயர்ப்பட்டியல் வெளியானபோது மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் இலட்சக்கணக்கிற் குவிந்தன. 1979இல் காணாத வாய்ப்பு இது, வரவேற்கத்தக்கதே. எனினும் அம்மேன்முறையீடு ஒரு குடும்பம் விடுபட்டமைக்கு எதிரானது. வறுமையை அளக்கும் சுட்டிகளை ஆட்சேபிப்பதற்கு அப்படிவத்தில் இடமில்லை.