கம்பரும் அரசற்ற நாடும்

அரசும் சட்டமும் இன்றி ஒரு சமுதாயம் நடைபெறுமா என்னும் வினாவிற்குக் கம்பர் காப்பியத்தில் இரு விடைகள் உள. அவை ஒன்றோடொன்று முரணுவனபோல் தோன்றுதலின், உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.

நகரப் படலத்தில், அயோத்தியில் கள்வர் இன்மையாற் பொருட்குக் காவலும் இல்லை என்பர் கம்பர். இதுகொண்டு அவர் ஆட்சியே வேண்டாத சமுதாயத்தைக் கனவு கண்டார் என்று மேடையில் முழங்குவாரும் உளர். கைதட்டல் பெறுதற்கு இக்கருத்து உதவலாம், நூலுக்குப் பொருந்தாது. காவலர் இல்லை என்றாரேயன்றிக் காவலன் இல்லை என்றாரல்லர். அடுத்துவரும் அரசியற் படலத்தில், வறியவன் தன் சிறு வயலைப் பேணுமாறு தயரதன் உலகைக் காக்கின்றான். அவ்வறியவன் காவலுக்கு ஆள் வைப்பானல்லன். தானே நின்று காப்பான். ஆகவே காவல் ஒழிந்திலது, தண்டம் பேணுதலாயிற்று.

புறநானூற்று 186ஆம் பாடலில் மோசிகீரனார் மன்னனை உலகின் உயிர் என்றார். கம்பர் அதனைத் திருப்பி, உயிர்களெல்லாம் உறையும் உடம்பாகத் தயரதனைக் காட்டினார். இது பலரும் எடுத்துக்காட்டியதே. ஆயின் அயோத்தியா காண்டத்து ஆறுசெல் படலத்தில் வசிட்டன், அரசனில்லா உலகம் உயிரில்லா உடல் போன்றது என்கின்றான். மோசிகீரனார் கருத்தே மீண்டு வருகின்றது. கம்பர் தாம் கூறியதை மறந்தாரா?

மறந்திலர் என்பதே என் துணிபு. முன்னது புலவர் கூற்று. பின்னது பரதனை முடிசூட இசைவித்தற்பொருட்டுப் பாத்திரம் ஒன்று எடுத்த வாதம். வான்மீகத்தில் இவ்வாதம் வசிட்டனை நோக்கி முனிவரும் பிறரும் கூறுவதாக அமைந்தது. மழை பெய்யாமை, விதை விதையாமை, மீன்போல் மக்கள் ஒருவரையொருவர் விழுங்குதல் என அச்சப்பட்டியல் ஆண்டு நீளும். கம்பர் அதனைச் சில உவமைகளாகச் சுருக்கி, அவுணர் நாட்டிலும் தலைவரின்மை கண்டிலம் என்னும் ஒரு சான்றையும் வைத்தார். அதனைக் கேட்ட பரதன், நஞ்சுண்ணப் பணிக்கப்பட்டாரினும் மிக நடுங்குகின்றான். வசிட்டன் வாதமே புலவர் தம் முடிபாயின் முடியை மறுத்த பரதன் குற்றவாளி ஆதல் வேண்டும். கம்பரோ அவனை ஓரிடத்தும் அவ்வாறு காட்டிலர்.

பின்னர்ப் பதினான்கு ஆண்டுகள் அரியணையில் இருந்தது திருவடிநிலையே. அது முகமன், ஆண்டவன் பரதனே என மறுப்பார் உளர். ஆண்டவன் அவனே, எனினும் அவ்வாணை அவனதன்று. கண்ணுக்கெட்டாத ஒருவன்பால் இருவேறு திறத்தாரும், ஆள்வானும் ஆளப்படுவாரும், ஒப்பப் பணிந்தனர். அவ்வாண்டுகளின் நாட்டு நடப்பைக் கம்பர் விரித்துரைத்திலர்; இராமன் பின்னே கானகம் புகுந்துவிடுகின்றார். வசிட்டன் அஞ்சிய கேடு நேர்ந்ததா என்பதை நந்தியம்பதியில் நின்று தேடுவார்க்குக் கிட்டுவது பரதனது மெலிந்த உருவம் ஒன்றே.