காலண்டர் வானமும் கரிசல் வானமும்

ரெடிமேடு துணிக்குப் பேர்போன புதியம்புத்தூரில் ஒரு தையல்கூடம். மிஷின்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய காலண்டர் படம்: வள்ளி தெய்வானையோடு முருகன். என் கண் முருகனைத் தாண்டிப் பின்னாலிருந்த வானத்துக்குப் போனது. அடியில் ஆரஞ்சு, மேலே போகப்போக ரோஸ், அப்புறம் நீலம். எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறதென்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

இப்படிப்பட்ட வானத்துக்குத் தாய்வீடு கோவில்பட்டி. சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதி, 1940களில் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். அவரும் டி.எஸ். சுப்பையா முதலான சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சில் ஏறி வீடுவீடாகப் போயின. சின்ன மேடையில் பத்து மைல் தூரத்தைக் காட்ட வேண்டிய படுதாக்காரருக்கு, அடிவானத்தை வெளிறவிடுவதும் மலையை நீலமாகக் கரைப்பதும் கைப்பழக்கம். அந்தப் பழக்கம் காலண்டரில் வேறொரு வேலை பார்த்தது. வெளிறிய வானத்துக்கு முன்னால் சாமியின் மேனி, விளக்கில்லாமலே ஒளிர்கிறது. லேசான காரியமில்லை இது.

குறை என்னவென்றால், அந்த வானத்தில் பருவமே கிடையாது. சித்திரையா ஐப்பசியா, காற்று எந்தத் திசை என்று எதுவும் தெரியாது. இங்கிலாந்தில் ஓவியர் கான்ஸ்டபிள் 1821, 22-இல் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் மேகங்களை மட்டுமே வரைந்து, பல படங்களின் முதுகில் தேதி, நேரம், காற்றின் போக்கு எல்லாம் குறித்துவைத்தார். சாமி படத்திடம் அதைக் கேட்பது நியாயமா என்றால், பாதிதான் நியாயம். காலண்டருக்குக் கடைப்பெயர் படிய அமைதியான இடம் வேண்டுமே!

கருமேகம் வராமலும் இல்லை. கோவர்த்தனகிரியைக் கண்ணன் தூக்கும் காட்சியில் வானம் கறுத்து, மின்னல் வெட்டும். ஆனால் அங்கே மழை இந்திரனின் கோபம். கருமேகம் என்றால் ஆபத்து. மானாவாரிக்காரருக்கு இது தலைகீழ். புழுதியில் விதை போட்டுவிட்டுக் காத்திருக்கிறவருக்குக் கீழ்வானம் கறுப்பது நல்ல சேதி. துடைத்துவிட்ட மாதிரி நீலமாகக் கிடக்கும் புரட்டாசி வானம்தான் வயிற்றைக் கலக்கும். ஆடியில் மேற்கேயிருந்து மேகம் மேகமாக ஓடும், சொட்டு விழாது. அந்த ஏமாற்றத்தை எழுத எந்தப் படுதாவும் கற்றுத்தரவில்லை. மிரட்டும் வானம் என்றதும் கறுப்பைக் குழைக்கும் பழக்கம் இந்தக் கரிசல் மண்ணில் பொய்த்துப்போகிறது.

கோவில்பட்டிக் கைகளுக்கு அந்தப் புரட்டாசி நீலத்தை எழுதும் திறமை இருந்தது. அதை அழகுக்கு மட்டுமே செலவழித்தார்கள் என்பதுதான் என் வழக்கு.

இப்போது தூரிகை பிடிக்கும் கரிசல் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஓட்டப்பிடாரம் ரோட்டில் நின்று, கீழ்வானத்தை வரையுங்கள். படத்தின் முதுகில் தேதியைப் போடுங்கள். மழை பெய்ததா இல்லையா என்பதையும் எழுதிவையுங்கள்.