வங்கின் ஒடுக்கமும் ப்ளைவுட்டின் முத்திரையும்

மரச்சட்டகம் செய்து, அதன்மேல் துணியைப் போர்த்தித் தைத்து, வீட்டிலேயே கயாக் கட்டும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டது. முதன்முறை கட்டுகிறவர் இரண்டு கேள்வியோடு வருவார்: எந்த வரைபடம், எந்த ப்ளைவுட்? வரைபடத்தைப் படகின் அழகு பார்த்து எடுக்கிறார். பலகையை அதன்மேல் குத்தியிருக்கும் முத்திரை பார்த்து வாங்குகிறார். இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்வதுதான் தவறு என்று நினைக்கிறேன். இந்தப் படகில் இரண்டுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. குறுக்கே நிற்கும் வங்கு, அதாவது படகின் விலாச்சட்டம், தன் மிக ஒடுக்கமான இடத்தில் எவ்வளவு தாங்கும் என்பதே அது.

கயாக்கின் தாயகங்களில் ஒன்றான கிரீன்லாந்தில் ப்ளைவுட் கிடையாது. கடல் ஒதுக்கிய மரத்தில் இரண்டு பக்கச்சட்டங்கள், அவற்றில் துளையிட்டுச் செருகிய மெல்லிய வளைவிலாக்கள், தசைநாரால் கட்டு, மேலே கடல்நாய்த் தோல். அளவுகோல் கட்டுகிறவரின் உடம்புதான்: நீளம் ஏறத்தாழ மூன்று பாகம், அகலம் இடுப்போடு இரண்டு கைமுட்டி. அந்த ஊர்ப் படகுகள் பலவற்றின் வரைபடங்கள் ஆட்னி, சாப்பெல் இருவரின் பெயரில் ஸ்மித்சோனியன் 1964-இல் வெளியிட்ட நூலில் இருக்கின்றன. இன்று கட்டுகிறவர்கள் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ப்ளைவுட் முறை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் குறுக்குவெட்டுகள். 12 மி.மீ. பலகையில் ஆறேழு வங்குகளை வளையம்போல அறுத்து, நேரான உத்தரம் ஒன்றில் இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள். அவற்றின் வெட்டுவாய்களில் நீளச்சட்டங்களைப் பதித்துக் கட்டினால் படகின் உருவம் தானாக வந்துவிடும். விமானத்தின் உடற்கூட்டை அமைக்கும் முறை இது. இதைப் பலவீனமான குறுக்குவழி என்று ஒதுக்க முடியாது. ஜெர்மனியின் ரோசன்ஹைமில் 1907-இல் தொடங்கிய கிளெப்பர் நிறுவனம் மடக்குப் படகுகளை ஆஷ் மர நீளச்சட்டம், பிர்ச் ப்ளைவுட் வங்கு என்ற கூட்டில்தான் பிரபலமாக்கியது. 1956-இல் ஹன்னஸ் லிண்டமான் கிளெப்பர் படகு ஒன்றில் 72 நாளில் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்தார்.

இன்று டாம் யோஸ்ட், டேவ் ஜென்ட்ரி, ஜெஃப் ஹார்ட்டன் போன்றவர்களின் வரைபடங்கள் இம்முறையை வீட்டுக்கொல்லைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. யோஸ்ட் தம்முடையவற்றை இலவசமாகவே தந்துவிட்டார். இம்முறையை நான் பெரிய சாதனையாக மதிக்கிறேன். விலாவை வளைக்க ஈரம் காயாத நல்ல மரம் வேண்டும், ஆவிப்பெட்டி வேண்டும், வளைவு சரிதானா என்று சொல்லும் தேர்ந்த கண் வேண்டும். பத்து விலா வளைத்தால் இரண்டு உடையும். ப்ளைவுட் முறையில் அந்தக் கண்ணின் வேலையை வரைந்தவரே முடித்துக் கொடுத்துவிடுகிறார். ஒரு ஜிக்-சா ரம்பம், ஒரு டிரில், பொறுமை இருந்தால் போதும். தச்சு வேலை தெரியாத ஆசிரியரோ எழுத்தரோ கடலில் விடத்தக்க படகைக் கட்டிவிடலாம்.

ஆனால் இழப்பும் அதே இடத்தில்தான். கிரீன்லாந்துப் படகு கட்டுகிறவரின் உடம்புக்காகப் பிறந்தது. ப்ளைவுட் படகோ வரைந்தவர் மனத்தில் இருந்த ஓர் உடம்புக்காகப் பிறக்கிறது. முழங்காலுக்கு முன்னால் ஒரு வங்கு, முதுகுக்குப் பின்னால் ஒன்று, பாதத்துக்கு அப்பால் ஒன்று என்று கணக்குப் போட்டிருப்பார். கட்டுகிறவரின் கால் அந்தக் கணக்கைவிட ஒரு சாண் நீளம் கூடுதல் என்றால் கணுக்காலுக்கு நேராக ஒரு வங்கு வந்து நிற்கும். கவிழ்ந்த படகிலிருந்து காலை உருவும் நேரத்தில் அந்த விளிம்பு உயிருக்கே ஆபத்து. வளைவிலா என்றால் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்திவிடலாம். வங்கை நகர்த்த முடியாது. அதன் அளவு அந்த ஒரு புள்ளிக்கு மட்டுமே உரியது, நகர்த்தினால் நீளச்சட்டத்தின் ஓட்டத்தில் மேடு தட்டும். ஆகவே வரைபடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முகப்பின் வளைவை அல்ல. வங்குகளின் இடைவெளியைத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, நடுவில் உட்கார்ந்து கால் நீட்டிப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமலே பலகை வாங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்து நீளச்சட்டங்களின் எண்ணிக்கை. சட்டம் கூடக்கூட அடிப்பாகம் உருண்டு அழகாக வரும், படமும் கவரும். ஆனால் ஒவ்வொரு சட்டமும் வங்கில் ஒரு வெட்டுவாய் கேட்கிறது. வளையத்தின் அகலம் ஐந்தாறு செ.மீ. என்று வையுங்கள். வெட்டுவாய் இரண்டு செ.மீ. தின்றுவிடும். துணி வங்கின் விளிம்பில் உரசக் கூடாது என்பதற்காக, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே விளிம்பைப் பிறைபோல உள்வாங்கி அறுக்கவும் வேண்டும். அறுக்காமல் விட்டால் நீரழுத்தத்தில் உள்ளே அமுங்கும் துணி அந்த விளிம்பில் தேய்ந்து கிழியும். இவ்வளவும் போக மிஞ்சுவது மூன்று செ.மீ. படகு பாறையில் ஏறினால் அந்த மூன்று செ.மீ.தான் தாங்கியாக வேண்டும். எனவே முதல் படகுக்குச் சட்டம் குறைவான, மூலை தெரியும் வடிவத்தையே பரிந்துரைப்பேன். ஓரிரு மூலைச்சட்டமும் அடியில் ஒன்றும் போதும். உருண்ட வடிவம் வேகத்தில் கொஞ்சம் மேலாக இருக்கலாம். வார இறுதியில் ஏரியில் துடுப்புப் போடுகிறவர் அதை உணர மாட்டார்.

இங்கேதான் பலகையின் கேள்வி சரியான வடிவம் பெறுகிறது. ‘மரைன்’ முத்திரை முதன்மையாகப் பசைக்கு உறுதி சொல்கிறது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஐ.எஸ். 710 பலகையின் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாக்குப்பிடிக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் துணி போர்த்திய கயாக் நாள்கணக்கில் நீரில் கிடப்பதில்லை. மாலையில் கரையேற்றிக் காயவைத்துவிடுகிறோம். பசை பிரிவதைவிட நடு அடுக்கில் உள்ள வெற்றிடமே இந்த வங்குக்குப் பெரிய எதிரி. 12 மி.மீ. பலகையில் ஐந்து அடுக்குதான் என்றால், ஒரு திசையில் மூன்று, குறுக்கே இரண்டு. வளையம் சுற்றி வருவதால் எங்கோ ஓரிடத்தில் அந்தக் குறுக்கு இரண்டுமே சுமையைத் தாங்கியாக வேண்டும். அங்கே ஓர் அடுக்கில் இடைவெளி விழுந்தால் பலத்தில் பாதி போயிற்று. அதே தடிமனில் பால்டிக் பிர்ச்சுக்கு ஒன்பது அடுக்கு; ஒன்று குறைந்தாலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் நிற்கும். பிர்ச் மரம் ஈரத்தில் எளிதில் உளுத்துப்போகும் என்பது உண்மை. ஆனாலும் இந்த வேலைக்கு அதையே முதலிடத்தில் வைப்பேன். அறுத்த விளிம்புக்கு எபாக்சி ஊட்டி, அடியில் தண்ணீர் தேங்காமல் ஒவ்வொரு வங்கிலும் ஒரு சிறு வழி வெட்டிவிட்டால் அந்தக் குறையைப் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம்.

பி.எஸ். 1088 முத்திரையுள்ள ஒக்கூமே பலகையிலும் நடு அடுக்கு நன்றாக இருக்கும், எடையும் குறைவு. வங்குகள் மொத்தத்தில் மிச்சமாவது சுமார் ஒரு கிலோ. பதினைந்து கிலோப் படகைத் தோளில் சுமக்கிறவருக்கு அது பொருட்டுதான். ஆனால் ஒக்கூமே மென்மையான மரம். கட்டுக்கயிறு இறுகும் துளையின் ஓரம் நசுங்கும். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரப்பொருள்களுக்குத் தடை விதித்தபின் பிர்ச் விலை ஏறியதால் பலர் ஒக்கூமேயை நோக்கித் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் துளையை விளிம்பிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட வேண்டும்.

பிர்ச் கிடைக்காத ஊரில் முத்திரையைவிட விளிம்பை நம்புவது நல்லது. எட்டுக்கு நாலு ஷீட்டை நிமிர்த்தி, நான்கு பக்கமும் கண்ணை ஓட்டுங்கள். அடுக்குக்கு நடுவே கறுப்பாக ஒரு கீற்று தெரிந்தால் அதில் ஊசியை விட்டுப் பாருங்கள்; ஊசி உள்ளே போனால் ஷீட்டை வைத்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு துண்டு கொடுத்தால் மூன்று செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை அறுங்கள், ஒன்று நெடுக்கே, ஒன்று குறுக்கே. கொதிக்கவைத்து, காயவைத்து, கையால் வளைத்து ஒடித்துப் பார்த்தால் பலகையின் தன்மை தெரிந்துவிடும்.

வரைபடம் தருகிறவர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நீளம், அகலம், எடை எல்லாம் முதல் பக்கத்திலேயே போடுகிறார்கள். எந்தக் கால்நீளத்துக்கு இந்த வங்குகள் வைக்கப்பட்டன, வளையத்தின் மிக ஒடுக்கமான இடம் எத்தனை செ.மீ., அது எத்தனை அடுக்குப் பலகையை நம்பி வரையப்பட்டது என்ற மூன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை. வரைந்தவருக்கு மூன்றும் தெரியும். எழுத ஒரு வரி போதும்.