இசைப் பட்டமும் லயத்துக் கடனும்

இசைப் பட்டம் கடனுக்கே வழி என்பர் சிலர். நாம் கணக்கைப் பார்ப்போம். 1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கிற்று; தூரத்தை நீக்கவில்லை. பதுளையில் 2005இல் எழுந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் இசைத்துறை இல்லை. தோட்டத்து மாணவி யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ செல்லவேண்டும். பயணம், தங்குமிடம், வீணை யாவும் செலவே. கொழுந்து பறிக்கும் தாயின் குறைந்தபட்ச நாட்கூலியோ, 2024இல் உயர்த்தப்பட்டபோதும், 1350 ரூபாவாகவே இருந்தது. எஞ்சிய வழி அடகுக்கடை. பட்டம் பெற்றபின் நிலையான ஊதியம் பெரும்பாலும் ஆசிரிய நியமனமே. அது தாமதித்தால் வட்டி வளரும்.

எனவே இசையைக் கைவிடு என்போமா? கூறோம். விடியலில் பிரட்டுக்கு அழைத்த தப்பையே காமன் கூத்தில் தமது கலையாக்கிய மக்களுக்கு இசை ஆடம்பரமன்று. குற்றம் இசையிலில்லை, கூலியிலும் தூரத்திலுமே உள்ளது. போதிய உதவிப்பணமும் காலந்தாழ்த்தாத நியமனமும் கேட்பது இரத்தலன்று, உரிமை.