லாடா நீவாவும் ஜெர்மன் சாலை உப்பும்

வோல்கா ஆற்றங்கரையிலுள்ள தோல்யாட்டி நகரில் 1977 ஏப்ரலில் தொடர் உற்பத்திக்கு வந்த லாடா நீவா, ஜெர்மனியில் பல பத்தாண்டுகளாக வேட்டைக்காரர்களும் வனக் காவலர்களும் விரும்பி வாங்கிய வண்டி. புகை விதிகள் இறுகியதால் 2010களின் இறுதியில் அது ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகிய பிறகும், பழைய நீவாவைத் தேடிப் பிடித்து வீட்டிலேயே செப்பனிட்டு ஓட்டுவோர் அங்கே இருக்கிறார்கள். நான்கு சக்கரங்களுக்கும் எந்நேரமும் விசை செல்லும் அமைப்பு, நடு டிஃபரன்ஷியலைப் பூட்டும் நெம்புகோல், செங்குத்துச் சரிவுக்கான குறைவேக கியர், சுருள்வில்கள் ஆகியவை பற்றிப் போதுமான அளவு எழுதப்பட்டுவிட்டது.

அந்தச் சிறிய வண்டியோடு சில வாரங்கள் அன்றாடம் பழகியவர்களுக்கு, வேகம் கூடக்கூட, முன்பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து எழும் ஊளைச் சத்தமும், நெடுஞ்சாலையில் அது கேட்கும் பெட்ரோலும் மன்னிக்கத்தக்க குறைகளாகவே தோன்றும். ஏனெனில், பனியும் சேறும் கலந்த காட்டுப் பாதையில் விலை பன்மடங்கு கூடிய வண்டிகள் தயங்கும் இடத்தில், வடிவமைப்பாளர் பியோத்தர் புருசோவின் தலைமையில் உருவான இந்த எளிய வடிவம் ஆரவாரமின்றி மேலேறிச் செல்கிறது. எஞ்சின் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம், கியர்பெட்டியும் அப்படியே. ஜெர்மனியில் ஒரு பழைய நீவாவின் ஆயுளைத் தீர்மானிப்பது அவை இரண்டுமல்ல, கதவுக்கு அடியில் கிடக்கும் ஒரு தகட்டுப் பெட்டி. ஆகவே இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்கே உரியது.

முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவு வரை, கதவின் கீழ் விளிம்பை ஒட்டி ஓடும் உள்ளீடற்ற நீண்ட பெட்டியை ஜெர்மன் பட்டறைகளில் ஷ்வெல்லர் என்று அழைக்கிறார்கள். 1979இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உற்பத்தி தொடங்கிய மெர்சிடிஸ் ஜி வகை போன்ற வண்டிகளில், ஏணி வடிவிலான கனத்த எஃகுச் சட்டம் தனியே சுமை தாங்க, உடற்கூடு அதன்மேல் அமர்ந்திருக்கும். அங்கே உடல் துருப்பிடித்தாலும் சட்டம் நலமாக இருக்க வாய்ப்புண்டு. நீவாவில் அத்தகைய சட்டம் இல்லை. தரைத்தகடு, ஷ்வெல்லர், கதவுத் தூண்கள், கூரை ஆகிய மெல்லிய தகடுகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, எல்லாம் சேர்ந்தே சுமையைத் தாங்குகின்றன. எனவே நீவாவின் ஷ்வெல்லரில் தோன்றும் துருவை அழகு கெட்டதாக எண்ணிக் கடந்துவிட முடியாது. வண்டியின் முதுகெலும்பே அங்கு அரிக்கப்படுகிறது.

அரிப்புக்கான காரணம் அந்நாட்டுக் குளிர்காலச் சாலையில் இருக்கிறது. பனி உறைவதைத் தடுக்க ஜெர்மன் சாலைப் பராமரிப்புத் துறையினர் தூவும் உப்பு பெரும்பாலும் உலர்ந்த உப்பல்ல. எழுபது பங்கு உப்புக்கு முப்பது பங்கு உப்புக் கரைசல் சேர்த்துத் தூவும் ஈர உப்பு முறையே பரவலாக உள்ளது, காற்றில் பறக்காமல் சாலையில் ஒட்டிக்கொள்வதே அதன் சிறப்பு. சாலையில் ஒட்டும் அதே குணத்தால் அது வண்டியின் அடிப்பகுதியிலும் ஒட்டுகிறது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். ஆனால் நீரில் உப்பு கரையும்போது அது மின்னோட்டத்தை எளிதில் கடத்தும் கரைசலாகி வேதிவினையை விரைவுபடுத்துகிறது, அதிலுள்ள குளோரைடு அயனிகள் உலோகத்தின்மேல் இயல்பாகப் படியும் காப்புப் படலத்தைக் குலைக்கின்றன, காற்றின் ஈரத்தை உப்பு தானே இழுத்துக்கொள்வதால் மழையில்லாத நாளிலும் தகடு உலர்வதில்லை. தூத்துக்குடியிலோ சென்னைக் கடற்கரையிலோ வண்டி வைத்திருப்பவர்கள் இதன் மெதுவான வடிவத்தை அறிவார்கள். ஜெர்மனியில் அது சில மாதங்களில் வெள்ளமாக வருகிறது.

ஷ்வெல்லருக்குள் புகுந்த உப்புநீர் வெளியேற அடியில் சிறு வடிதுளைகள் உண்டு. அவை சேற்றாலும், பின்னாளில் யாரோ பூசிய தார்க்குழம்பாலும் அடைபடும்போது, பெட்டி உள்ளிருந்தே அழுகத் தொடங்குகிறது. இரு தகடுகள் புள்ளிப் பற்றவைப்பால், அதாவது சிறு சிறு இடைவெளிவிட்டு மின்சாரத்தால் உருக்கி ஒட்டும் முறையால், இணைந்திருக்கும் விளிம்பில் நிலைமை இன்னும் மோசமாகிறது. துரு தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் ஒட்டுப்புள்ளிகளுக்கு நடுவே தகடுகள் உப்பிப் பிரிகின்றன. பிரிந்த இடைவெளி மேலும் நீரை உறிஞ்சுகிறது. வெளிப்பூச்சில் நெல்மணியளவு கொப்புளம் தெரியும் நாளில், உள்ளே விரல் நுழையும் ஓட்டை இருக்கக்கூடும். கரையான் தின்ற கதவுநிலை வர்ணத்தோலோடு நிமிர்ந்து நிற்பதைப் போன்றது அந்நிலை.

ஆதலால் பழைய நீவாவை வாங்குபவருக்கும் செப்பனிடுபவருக்கும் மிகப் பயனுள்ள கருவி, கைபேசியோடு இணையும் எண்டோஸ்கோப் கேமராதான். நீண்ட கம்பியின் நுனியில் விளக்கும் கண்ணும் கொண்ட இந்த மலிவான பொருளை வடிதுளை வழியே உள்ளே செலுத்தினால், வெளிப்பளபளப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். காந்தம் அடுத்த சோதனை. பட்டி பார்த்த இடத்தில், அதாவது பாலியெஸ்டர் பசையால் பள்ளம் நிரப்பி வர்ணமடித்த இடத்தில், காந்தம் ஒட்டாது.

இந்தப் பட்டி வேலையை ஏற்காத ஒரு நிறுவன மரபு ஜெர்மனிக்கு உண்டு என்பது இந்த வண்டியின் நல்வினை. 1865இல் மன்ஹைம் நகர மதுவடிப்பாலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்ததைத் தொடர்ந்து, அதற்கடுத்த ஆண்டில் கொதிகலன் உரிமையாளர்கள் தொடங்கிய மேற்பார்வைச் சங்கமே, பின்னர் டியூஃப் என்று பெயர்பெற்ற தொழில்நுட்ப மேற்பார்வை அமைப்புகளின் தொடக்கம். வண்டிகளுக்கான கட்டாயப் பரிசோதனை 1951இல் வந்தது. தற்போது சாதாரண கார்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை டியூஃப், டெக்ரா போன்ற அமைப்புகளின் பரிசோதகரிடம் சென்றாக வேண்டும். சுமை தாங்கும் பகுதியில் துரு ஓட்டையிட்டிருந்தால் அது கடுமையான குறையாகப் பதியப்பட்டு, தேர்ச்சிக்கு அடையாளமான ஒட்டுவில்லை மறுக்கப்படுகிறது. ஒரு மாதத்துக்குள் சரிசெய்து மறுபரிசோதனைக்கு வர வேண்டும். அப்பகுதிகளில் கண்ணாடி நாரும் பசையும் செல்லாது, தகடு வெட்டிப் பற்றவைத்திருக்க வேண்டும். இதைத் தொல்லையாகக் கருதும் உரிமையாளர்கள் பலர்; உண்மையில் ஒரு நீவாவை ஒழுங்காகச் செப்பனிடுவதற்கு இதைவிட நல்ல தூண்டுதல் வேறில்லை. 30 ஆண்டுகள் கடந்த வண்டிக்கு 1997 முதல் வழங்கப்படும், எண்ணின் இறுதியில் எச் எழுத்து கொண்ட பாரம்பரிய வண்டித் தகடும் இதே திசையில் இழுக்கிறது. வண்டி பெரிதும் பழைய வடிவிலேயே நன்னிலையில் இருப்பதாக வல்லுநர் சான்றளித்தால், ஆண்டு வரி 191.73 யூரோ என நிலைப்படுவதோடு, புகைக் கட்டுப்பாட்டு நகரப் பகுதிகளிலும் நுழைய முடிகிறது.

வீட்டில் இவ்வேலையைச் செய்வதற்கு ஜெர்மனியில் முதல் இடையூறு இடமும் ஒலியும்தான். ஞாயிறும் விடுமுறை நாளும் அமைதிக்குரியவை என்பதால் கிரைண்டரின் அலறலுக்கு அன்று இடமில்லை; வாடகைக் கொட்டகைகளில் தீப்பொறி பறக்கும் வேலைக்கு உரிமையாளர் ஒப்புவது அரிது. ஆகவே பலர் பிரித்தெடுப்பதையும் பூச்சையும் வீட்டில் வைத்துக்கொண்டு, வெட்டுவதற்கும் பற்றவைப்பதற்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் தன்னுதவிப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு செல்கிறார்கள். லிஃப்ட்டும் காற்றழுத்தக் கருவியும் அங்கே கிடைப்பதால் இந்தப் பிரிவினை நல்லதே.

வெட்டத் தொடங்குமுன் நினைவில் கொள்ள வேண்டியது, ஷ்வெல்லரை அகற்றிய நீவா தன் நிமிர்வை இழக்கும் என்பது. வண்டியின் எடை சுருள்வில் இருக்கைகளின் அருகே தாங்கப்பட வேண்டும், கதவு வாசலின் குறுக்கே சதுரக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகப் பற்றவைத்து வாசல் சுருங்காமல் காக்க வேண்டும், இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் அறுக்கக் கூடாது. ஒட்டுப்புள்ளிகளை அதற்கென உள்ள துளைக்கருவியால் துளைத்துப் பழைய தகட்டை அகற்றிய பின்னரே உட்தகட்டின் நிலை தெரியவரும். வெளித்தகடு மட்டும் மாற்றினால் போதும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் உடைகிறது. கெட்ட பகுதியை விரல்நீளம் கூடுதலாகவே வெட்டி, ஒளிரும் இரும்பு வரும்வரை சென்றால்தான் புதிய தகடு பற்றும். சலிப்பால் இங்கே இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் வைப்பவர், அடுத்த பரிசோதனைக்குள் அதே இடத்துக்குத் திரும்புவார்.

மாற்றுத்தகடு எளிதில் கிடைப்பதும், நீவாவின் வளைவுகள் எளிமையானவை என்பதால் கையாலேயே வளைக்க முடிவதும் இவ்வண்டியின் பெரிய அருங்குணங்கள். தகட்டு வேலை பழக விரும்புபவருக்கு இதைவிடப் பொறுமையான ஆசிரியர் அமைவது கடினம். ஒரு மில்லிமீட்டர் தகட்டுக்கு, எண்பத்திரண்டு பங்கு ஆர்கானும் பதினெட்டுப் பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த காப்பு வாயுவில் மெல்லிய கம்பியை உருக்கும் முறையே ஏற்றது. மேல்தகட்டில் துளையிட்டு அத்துளையை நிரப்பிப் பற்றவைத்தால் தொழிற்சாலையின் ஒட்டுப்புள்ளியை ஒத்த பிணைப்பு கிடைக்கும். நீண்ட கோடாக இழுத்தால் வெப்பத்தில் தகடு நெளியும். ஒரு புள்ளி வைத்து, தொலைவில் மற்றொன்று வைத்து, சூடு ஆறும்வரை காத்திருக்கும் நிதானமே நேரான ஷ்வெல்லரைத் தருகிறது. மறைந்துபோகும் பரப்புகளில் பற்றவைப்பைத் தாங்கும் துத்தநாகப் பூச்சைப் பூசுவது அவசியம். துத்தநாகம் தன்னை முதலில் அரிக்கக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது. 1985இல் அவுடி 100இன் உடல் முழுவதையும் துத்தநாகமேற்றிய தகட்டால் செய்தபோது ஜெர்மன் தொழில்துறை கைக்கொண்ட அறிவும் இதுவே. அப்பூச்சு எரியும்போது எழும் புகை காய்ச்சல் வரவழைப்பதால் முகமூடியின்றி வேலை செய்யலாகாது. பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், தரையின் கம்பளத்தையும் ஒலித்தடுப்பு அட்டையையும் முழுமையாக அகற்றுவதும், உள்ளே ஒருவர் தீயணைப்பானுடன் நிற்பதும் பேச்சுக்கு இடமில்லாத நிபந்தனைகள்.

துருமாற்றி என்று விற்கப்படும் திரவங்களைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியுள்ளது. டானின் அல்லது பாஸ்பாரிக் அமிலத்தைக் கொண்ட இவை துருவின் மேற்பரப்பை நிலையான கருஞ்சேர்மமாக மாற்றுவது உண்மை, கதவின் உட்புறத்திலோ எஞ்சின் அறைத் தகட்டிலோ உள்ள மெல்லிய துருவுக்கு அவை உதவுவதும் உண்மை. ஆனால் தடித்த படலங்களாக வளர்ந்த துருவின் அடிவரை அவை செல்வதில்லை. இரு தகடுகளின் இடுக்கில் சென்ற அமிலத்தைக் கழுவி வெளியேற்றவும் வழியில்லை. ஓட்டை விழுந்த ஷ்வெல்லருக்கு இத்திரவத்தை ஊற்றி மனநிறைவு அடைபவர், தொலைந்த இரும்பு திரும்பி வந்துவிட்டதாக நம்புகிறார்.

அதைவிடப் பெருந்தீங்கு, அடிப்பகுதிக்கெனப் பூசப்படும் கெட்டியான தார்ப்பூச்சு. காலப்போக்கில் அது காய்ந்து விறைக்கிறது, நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன, வெடிப்பில் நுழைந்த உப்புநீர் பூச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளியேற வழியின்றித் தங்குகிறது. மேலே கரிய பரப்பு மாறாமல் இருக்க, கீழே தகடு இலையாய் உதிர்கிறது. விற்பனைக்கு வரும் பழைய நீவாக்களில் புதிதாய் மினுங்கும் கறுப்பு அடிப்பகுதியைப் பார்த்து மகிழ்பவர்கள், உண்மையில் அதைக் கண்டு அஞ்ச வேண்டும். அதைச் சுரண்டி நீக்குவது பல நாள் வேலை. செய்யாமல் விட்டால் எந்தப் பற்றவைப்பும் நிலைக்காது.

இதற்கு மாற்றாக ஜெர்மனியில் பழைய வண்டிக்காரர்கள் மதிக்கும் பொருள், மைக் சாண்டர்ஸ் என்ற பெயரில் விற்கும் துருத்தடுப்புக் கொழுப்பு. திண்மமான இக்கொழுப்பை நூறு பாகைக்கு மேல் சூடாக்கி உருக்கி, நீண்ட குழலின் வழியே ஷ்வெல்லரின் உள்ளே பீய்ச்சுகிறார்கள். அது ஒருபோதும் இறுகி உலர்வதில்லை, ஒவ்வொரு கோடையிலும் வெயிலில் இளகித் தகட்டின் இடுக்குகளுக்குள் மேலும் ஊர்ந்து செல்கிறது. உட்குழிவுகளில் வழக்கமாகப் பூசும் மெழுகு வெடிக்கும் இடத்தில் கொழுப்பு தன்னைத்தானே மூடிக்கொள்ளும் என்பதே அதன் வலிமை. தகடு முற்றிலும் உலர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும் கோடை மாதங்களே இவ்வேலைக்கு உரியவை. பற்றவைக்கும் முன் கொழுப்பிடுவது தீ விபத்தை அழைப்பதாகும் என்பதால் இது எப்போதும் கடைசி வேலை; பின்னொரு நாள் அதே இடத்தை மீண்டும் பற்றவைக்க நேர்ந்தால் கொழுப்பு எரிந்து புகையும் என்பதும் இதன் விலையே.

கொழுப்பிட்ட முதல் கோடையில் அது வடிதுளைகளின் வழியே சொட்டி, கொட்டகைத் தரையில் கறை வைக்கும். அட்டை விரித்து வைப்பது தவிர அதற்கு வேறு வழியில்லை. அது இறங்கி அடங்கியதும், இலையுதிர்காலத்தில் உப்பு வண்டிகள் புறப்படுவதற்கு முன், ஒவ்வொரு வடிதுளையிலும் ஒரு மெல்லிய கம்பியை விட்டுத் திறந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். வசந்தத்தில் அடிப்பகுதியை நீர்பீய்ச்சிக் கழுவும்போதும் அதே சோதனை தேவை. ஊர் விதிகள் பலவும் வீட்டு முற்றத்தில் வண்டி கழுவுவதைத் தடுப்பதால், கழிவுநீர் வடிகட்டி உள்ள கழுவுநிலையத்துக்கே அதற்காகச் செல்ல வேண்டியிருக்கும்.