உடையும் உரிமையும்: விக்டோரியகால மகளிர் சஞ்சிகைப் படங்கள் பற்றிய ஒரு நோக்கு

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்திலும் (1837–1901), அதனைத் தொடர்ந்த ஏழாம் எட்வேர்ட் மன்னரின் காலத்திலும் (1901–1910) இங்கிலாந்தில் வெளிவந்த மகளிர் சஞ்சிகைகளின் உடைநாகரிகப் படங்களை அவற்றின் அழகு கருதிப் போற்றுவோர் பலர். சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்குமிடத்து, அவை பிறிதொரு செய்தியையும் உணர்த்துகின்றன.

சாமுவேல் பீற்றன் 1852இல் தொடங்கிய ‘இங்கிலிஷ்வுமன்ஸ் டொமெஸ்ரிக் மகசீன்’ மத்தியதர வர்க்கப் பெண்களுக்கான சஞ்சிகையாகும். 1860 முதல் பிரெஞ்சு ஓவியர் யூல் டேவிட்டின் வண்ணப்படங்கள் அதில் இடம்பெற்றன. வீட்டிலேயே ஆடை தைப்பதற்கான மாதிரிகளும் வழங்கப்பட்டன. உயர்குடியினரின் உடை ஏனையோருக்கும் எட்டுவதாயிற்று என்ற வகையில் இது ஒரு முன்னேற்றமே. எனினும், அப்படங்களிலே ரேந்தையின் நுணுக்கமும் துணியின் மடிப்பும் துலக்கமாகத் தெரிய, முகங்களோ ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. உருக்கு வளையக் கூட்டின்மீது விரிந்த பாவாடையும் விசிறி ஏந்திய கையும் உழைப்பினின்று விலகி நிற்றலையே பெண்மையின் இலட்சணமாகக் காட்டுகின்றன.

நன்னீர் அரிதான நெடுந்தீவிலும் நயினாதீவிலும் குடஞ் சுமந்தும் ஓலை இழைத்தும் வாழ்ந்த பெண்களின் உடையோ உழைப்புக்கு இசைந்தது. அவர்களை அளப்பதற்கு அந்தப் படங்கள் அளவுகோலாகா.

மேனாட்டு நடையுடைகளைக் கண்மூடிப் பின்பற்றுவதை ஆனந்த குமாரசுவாமி கண்டித்தார். 1905இல் தோன்றிய இலங்கைச் சமூக சீர்திருத்தச் சங்கத்தின் முக்கிய நோக்கங்களுள் இதுவும் ஒன்று. அக்கண்டனம் நியாயமானதே. ஆயினும், உடையைப் பண்பாட்டின் அடையாளமாக மட்டும் கொள்ளும் நோக்கு முழுமையானதன்று. தீவகத்தையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணச் சமூகத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவது தடைசெய்யப்பட்டிருந்தமை நாமறிந்ததே. அத்தடை மரபின் பெயராலேயே நிலைநிறுத்தப்பட்டது.

இத்தகைய தடை கடலுக்கப்பால் திருவிதாங்கூரிலும் நிலவியது. ஆங்கு நாடார் பெண்கள், மிஷனரிமார் அறிமுகப்படுத்திய எளிய சட்டையை அணிவதற்காக நெடுங்காலம் போராடினர். 1859ஆம் ஆண்டுப் பிரகடனம் சட்டை அணிய இணங்கிற்று. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மேலாடை அணிதலாகாது என்றும் விதித்தது. அங்கே சிக்கல் அந்நிய மோகம் அன்று, சமத்துவமே சிக்கலாயிற்று.

ஆகவே, ஒரே சட்டை ஒருத்திக்கு இரவல் நாகரிகமாகவும் மற்றொருத்திக்கு மானத்தின் காப்பாகவும் அமைதல் கூடும். மரபுக்கு ஒத்ததா, அந்நியமானதா என்று மட்டும் உடையை ஆராய்வது, அதனை அணிந்தவளைக் காணாது விடுவதாகும். சஞ்சிகை ஓவியர் முகத்தை மறந்து ரேந்தையைத் தீட்டியதும் இத்தகையதே. உடுத்தவள் யார், எவருடைய அனுமதியோடு, எத்தகைய உழைப்பினிடையே உடுத்தாள் என்ற வினாக்களிலிருந்தே நமது உடை வரலாறு எழுதப்படல் வேண்டும்.